யாருக்குச் செலுத்திய கடன்?

ஆறாயிரம் சிலுவைகள்!

கி. மு. 71-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டுக் கப்புவா நகரிலிருந்து ரோமாபுரி வரை நீண்டு கிடந்த ஆப்பியன் பெருவழியின் ஓரத்திலே அவை நடப்பட்டன. ஒவ்வொரு சிலுவையிலும் ஓர் அடிமை தொங்கினான். அவன் செய்த குற்றம் என்ன? ஆண்டையின் முன் நிமிர்ந்து நின்றது! கப்புவாவிலிருந்த வாட்போர்ப் பயிற்சிக் கூடத்தைவிட்டுக் கி. மு. 73-இல் தப்பிய ஸ்பார்ட்டகஸ், அடிமைகளைத் திரட்டினான். அந்த அடிமைப்படை, அவனி ஆண்ட ரோமாபுரியின் படைகளை அடுத்தடுத்து முறியடித்தது. முடிவில் அவன் களத்திலே வீழ்ந்தான். பிடிபட்ட ஆறாயிரவரையும் கிராசஸ் எனும் தளபதி சிலுவைகளில் அறைந்தான். வழிச்செல்வோர் காணவேண்டும், கண்டோர் கலங்கவேண்டும், இனி எவனுக்கும் 'நானும் மனிதன்' என்று சொல்ல நா எழாதிருக்கவேண்டும் — அதுவே அத்தண்டனையின் நோக்கம்.

கழுமரத்தைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ரோமாபுரியின் கழுமரம் சிலுவை. கோயிலிலே பிறந்த சின்னம் அன்று அது, கொலைக்களத்திலே பிறந்தது. ரோமக் குடியுரிமை பெற்ற சீமானுக்குப் பெரும்பாலும் அந்தச் சாவு இல்லை. அடிமைக்கும் கலகக்காரனுக்கும் கேட்பாரற்ற ஏழைக்குமே அது ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

ஆப்பியன் பெருவழியில் அந்த மரங்கள் நின்று ஒரு நூற்றாண்டு உருண்டோடிய பின்னர், யூதேயாவில் அதே வகை மரமொன்றில் ஏசுநாதர் அறையப்பட்டார். ஆணையிட்டவன் பொந்தியு பிலாத்து, கி. பி. 26 முதல் 36 வரை அந்நாட்டை ஆண்ட ரோம ஆளுநன். ரோமாபுரியின் அனுமதியின்றி 'அரசன்' என்று அழைக்கப்பட்ட குற்றமே பலகையில் எழுதப்பட்டதாகச் சுவிசேஷங்கள் கூறுகின்றன. ஏகாதிபத்தியம் தன் வழக்கமான வேலையை வழக்கமான முறையிலே செய்து முடித்தது. அவ்வளவே அன்றைய அதிகாரிகளின் கணக்கு.

ஆனால் அவரைப் பின்பற்றியோருக்கு அவ்வளவில் முடிந்துவிடவில்லை. ஊர் நகைத்தது. ரோமாபுரியின் பாலத்தைன் குன்றிலே ஒரு பழஞ்சுவரில் யாரோ ஒரு குறும்பன் கீறிய படம் இன்றும் இருக்கிறது: சிலுவையிலே கழுதைத் தலையுடன் ஓர் உருவம், அதன் முன் கையுயர்த்தித் தொழும் ஒரு மனிதன், கீழே அவன் பெயரைச் சொல்லி, இதுதான் இவனுடைய தெய்வம் என்னும் ஏளனம்! 'உங்கள் ஆண்டவர் ஏன் அடிமையைப்போலச் செத்தார்?' என்ற கேள்விக்கு அவர்கள் விடை தேடவேண்டியிருந்தது. தேடிய விடையே கழுவாய்க் கோட்பாடு — அவர் செத்தது தம் குற்றத்துக்காக அன்று, பிறர் பாவத்துக்காக என்பது.

இங்கே நாம் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கி. பி. 325-இல் நைசீயாவில் கூடிய திருச்சபைச் சங்கம், ஏசு யார் என்பதைப் பற்றித் தீர்ப்புக் கூறிற்று. அவருடைய சாவு மனிதனை எவ்வாறு மீட்கிறது என்பதைப் பற்றியோ, பழைய பொதுச் சங்கங்கள் எதுவும் ஒரே முடிந்த விளக்கத்தை வகுத்துத் தரவில்லை. மதத்தின் நடுநாயகமான கருத்து. அதற்கு அறுதியான விளக்கம் இல்லை! ஆகவே ஒவ்வொரு காலமும் தன் கண்ணுக்குத் தெரிந்ததைக்கொண்டு அந்த மரத்துக்குப் பொருள் சொல்லிற்று. எந்தக் காலத்துக்கு எது தெரிந்தது? அதைத்தான் நாம் வரலாற்றின் வழியே சென்று பார்க்கப்போகிறோம்.

அடிமைச் சந்தையிலே

முதலில் எழுந்த விளக்கங்களிலே செல்வாக்குப் பெற்ற ஒன்று, மீட்புப் பணம் என்பது. போரிலே பிடிபட்டவனையும் சந்தையிலே விற்கப்பட்டவனையும் விலை கொடுத்து விடுவிப்பது அக்காலத்து அன்றாட நிகழ்ச்சி. அந்தச் சொல் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேரறிஞர் ஓரிகன் அதைப் பிடித்துக்கொண்டு வினவினார்: விலை கொடுத்தார் என்றால், வாங்கியவன் யார்? அவர் கண்ட விடை, சாத்தான்! பாவத்தால் மனிதன் சாத்தானுக்கு அடிமையானான். ஏசுவின் உயிரே அவனை மீட்கக் கொடுத்த விலை.

நான்காம் நூற்றாண்டில் நீசா நகரத்துக் கிரகோரி இந்தக் கதையை மேலும் வளர்த்தார். மனித உடல் தூண்டில் இரை. அதனுள் மறைந்திருந்த தெய்வீகம் தூண்டில் முள். இரையை விழுங்கிய சாத்தான் முள்ளிலே சிக்கினான் என்றார். கடவுள் ஏமாற்றலாமா என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. மருத்துவன் நோயாளியின் நன்மைக்காக மருந்தை மறைத்துக் கொடுப்பதில்லையா என்று அமைதியும் கூறிக்கொண்டார்.

அதே காலத்தில், அதே பெயருடைய மற்றொருவர் — நாசியான்சு நகரத்துக் கிரகோரி — இந்தக் கணக்கை ஏற்க மறுத்தார். சாத்தான் கொள்ளைக்காரன், கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா? சரி, தந்தைக்குக் கொடுத்தார் என்றால், நம்மைச் சிறைவைத்தவர் தந்தை அல்லரே, அவருக்கு ஏன் விலை? — இதுதான் அவர் கேள்வியின் சாரம். திருச்சபை புனிதர் எனப் போற்றும் ஒருவர் பதினாறு நூற்றாண்டுகட்கு முன்பு கேட்டது இது. கேள்வி கேட்பது நாத்திகரின் தனிச்சொத்து என்று எண்ணுவோர் இதைக் கருதுக!

சந்தையிலே ஆள் விற்ற சமுதாயம், விண்ணுலகத்திலும் ஒரு சந்தையைக் கண்டது. வியப்பென்ன?

பிரபுவின் மாளிகையிலே

காலம் மாறிற்று. ரோமாபுரியின் மேற்குப் பேரரசு வீழ்ந்தது. கோட்டையும் கொத்தளமும், பிரபுவும் பண்ணையாளும் ஐரோப்பாவை நிறைத்தனர். பிரபுவுக்கு உயிரினும் பெரிது மானம். குற்றத்தின் அளவு, குற்றம் இழைக்கப்பட்டவனின் தகுதியைப் பொறுத்தது. உழவனை அடித்தால் சிறு தண்டம். கோமானை அடித்தால் பெருந் தண்டம். இன்ன தகுதியுடையவன் உயிருக்கு இவ்வளவு பொன் என்று அந்நாட்டுப் பழஞ்சட்டங்கள் விலைப்பட்டியலே வைத்திருந்தன!

அந்த உலகிலே வாழ்ந்தவர் ஆன்செல்ம். 1093 முதல் காண்டர்பரியின் தலைமைக் குரு. 'கடவுள் ஏன் மனிதரானார்?' என்று பெயரிட்டு 1098-இல் ஒரு நூலை முடித்தார். இங்கிலாந்து மன்னனோடு பிணங்கி நாட்டைவிட்டு வெளியேறியிருந்த காலம் அது. நூலை முடித்த இடம் எது தெரியுமா? கப்புவா வட்டாரம்! ஆறாயிரம் அடிமைகளின் சிலுவை வரிசை தொடங்கிய அதே கப்புவா!

அவர் தந்த விளக்கம் இது: சாத்தானுக்கு உரிமையும் இல்லை, பாக்கியும் இல்லை. மனிதன் கடவுளுக்குச் செலுத்தவேண்டிய மரியாதையைச் செலுத்தத் தவறினான், அதுவே பாவம். மானக் குறைவுக்கு ஈடு செய்யவேண்டும், இன்றேல் தண்டனை. கடவுளோ அளவிறந்தவர், ஆகவே ஈடும் அளவிறந்ததாக வேண்டும். கட்டவேண்டியவன் மனிதன், கட்டக்கூடியவர் கடவுள் ஒருவரே, ஆகையால் கடவுளே மனிதராகிக் கட்டினார்.

தருக்கத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. அதன் அடித்தளத்தைத்தான் பார்க்கச் சொல்கிறோம். இக்கருத்து மடத்துத் தவ ஒழுக்கத்திலிருந்து வந்தது என்போர் உண்டு. இறைவனுடைய பெருமைக்கு உண்மையில் எவராலும் குறை நேராது என்று ஆன்செல்மே எழுதியதும் உண்டு. ஆயினும், இழிவுபட்டவனின் தகுதிக்கேற்ப ஈடு உயரும் எனும் கணக்கு, மண்ணிலே பிரபுக்கள் வகுத்த கணக்கன்றோ?

நூல் முடிவதற்கு மூன்றாண்டுகட்கு முன், 1095-இல், கிளெர்மாண்ட் நகரில் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் புனிதப்போருக்கு அழைப்பு விடுத்தார். தோளிலே துணிச்சிலுவை தைத்துக்கொண்டு கூட்டம் புறப்பட்டது. 1096-இல் ரைன் நதிக்கரை நகரங்களிலே, வோர்ம்சிலும் மைன்சிலும், யூதர்களை வெட்டிக் குவித்தது. 1099 ஜூலையில் எருசலேமைப் பிடித்து, அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்றது. மாளிகையின் மானத்தைச் சிலுவைக்குப் பொருளாக்கினார் அறிஞர். மானம் காக்கும் வாளாகவே அதை ஏந்தினர் மறவர்.

அந்த இருளிலே ஒரு குரல் எழுந்தது. பிரெஞ்சு நாட்டுப் பேராசான் அபெலார்டு, ரோமருக்கு எழுதப்பட்ட திருமுகத்துக்கு வரைந்த உரையிலே கேட்டார்: குற்றமற்றவனின் குருதியை விலையாகக் கேட்பது கொடுமையன்றோ? மகனின் சாவைக் கண்டு மகிழ்ந்து உலகத்தோடு உறவாடும் தந்தையும் உண்டோ? சிலுவை கடன் தீர்த்த இரசீது அன்று. அன்பின் எல்லையைக் காட்டும் காட்சி. அதைக் கண்டு மனிதன் மனம் மாறி அன்பு செய்யக் கற்கவேண்டும் என்பது அவர் விளக்கம்.

அவருக்குக் கிடைத்ததென்ன? முன்னமே 1121-இல் சோய்சன்ஸ் நகரில், வேறொரு நூலுக்காக, தம் கையாலேயே தம் ஏட்டைத் தீயிலிடும்படி அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். இப்போது கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு அவர்மீது குற்றப் பட்டியல் தொடுத்தார். சென்ஸ் நகரச் சங்கம் கண்டித்தது. போப்பாண்டவர் வாய் திறவாதிருக்கும்படி ஆணையிட்டார். கிளூனி மடத்துத் தலைவர் அடைக்கலம் தந்தார். 1142-இல் அபெலார்டு மறைந்தார். நான்காண்டுகள் கழித்து, 1146-இல், பெர்னார்டு வெசலே நகரில் நின்று இரண்டாம் புனிதப்போருக்குச் சிலுவைத் துணிகளை வழங்கினார். அன்பு என்று பொருள் சொன்னவர் வாய் அடைக்கப்பட்டது. குற்றம் சாட்டியவர் குரலுக்குப் படை திரண்டது!

வட்டிக் கடையிலே

கடன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், கணக்குப் புத்தகம் வந்துதானே தீரும்? 1343-இல் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். ஏசுவின் குருதியில் ஒரு துளியே உலகை மீட்கப் போதும். அவரோ அத்தனையும் சிந்தினார். மிஞ்சிய புண்ணியம் அழியாக் கருவூலம். அதன் திறவுகோல் திருச்சபையின் கையில் — இதுதான் ஆணையின் கருத்து.

கருவூலம் இருந்தால் வாணிகம் தொடங்கும். பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மைன்சு நகரத் தலைமைக் குரு ஆல்பிரெக்ட், பதவிக்காக ஃபுக்கர் எனும் வட்டிக் குடும்பத்தாரிடம் கடன் வாங்கினார். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பணத்தில் ஒரு பாதி அந்தக் கடனுக்கு. மறுபாதி ரோமாபுரியில் எழும்பிய பேதுரு பேராலயத்துக்கு! சீட்டு விற்கும் டெட்சல் ஊர் ஊராகச் சென்றார். ஏழையின் காசு பெட்டியில் விழுந்தது. 1517-இல் மார்ட்டின் லூதர் தொண்ணூற்றைந்து கேள்விகளால் அதைத் தாக்கினார். சீட்டு விற்பனையைத் திருச்சபையே 1567-இல் ஒழித்துக் கட்டிற்று என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக, ஆப்பியன் பெருவழியின் மரம் வட்டிக் கணக்கிலே வரவு வைக்கப்பட்டிருந்தது.

நீதிமன்றத்திலே

சீர்திருத்தம் வந்தது. கால்வின் வந்தார். அவர் ஆர்லியன்சிலும் பூர்ஜிலும் சட்டம் பயின்றவர். 1536-இல் வெளியிட்டு 1559-இல் நிறைவு செய்த தம் பெருநூலில் சிலுவையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். கடவுள் நீதிபதி, மனிதன் குற்றவாளி, தண்டனை உறுதி, ஏசு குற்றவாளிக்கூண்டில் ஏறி அத்தண்டனையைத் தாம் ஏற்றார். கள்வர் கையிலோ கலகக் கும்பலின் கையிலோ ஏசு மடிந்திருந்தால் ஈடாகியிராது. நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டுத் தீர்ப்புப் பெறவேண்டியிருந்தது என்றும் அவர் வாதித்தார். அந்த நீதிபதி யார்? பிலாத்து! ஏகாதிபத்தியத்தின் அநீதித் தீர்ப்பு, விண்ணகத்தின் நீதித் தீர்ப்புக்குச் சாட்சியாகிவிட்டது!

அதே கால்வினின் ஜெனீவாவில், திரித்துவத்தை மறுத்த செர்வீட்டஸ் 1553 அக்டோபர் 27-இல் உயிரோடு கொளுத்தப்பட்டார். பிறர் குற்றத்தைத் தாம் ஏற்ற ஒருவரின் பெயரால், கருத்து வேறுபட்டவனைக் குற்றவாளியாக்கிச் சுட்டெரித்தனர்.

நீதிமன்றம் என்றால் எதிர்வழக்கும் உண்டு. இத்தாலியில் பிறந்து போலந்தில் வாழ்ந்த ஃபாஸ்டஸ் சோசீனஸ் அதைத் தொடுத்தார். மீட்பரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1594-இல் அச்சேறிற்று. அவர் வாதம் எளிது: கடன் முழுவதும் வசூலாகிவிட்டால் அங்கே மன்னிப்பு ஏது? மன்னித்துவிட்டால் வசூல் ஏது? இன்னும் ஒன்று: ஒருவன் பட்ட பணக்கடனை மற்றொருவன் கட்டலாம், ஒருவன் செய்த கொலைக்கு மற்றொருவன் தூக்கிலே தொங்கலாமா? மனிதருக்கு மன்னிக்கும்படி உபதேசிக்கும் கடவுள், தாம் மட்டும் விலை பெறாமல் மன்னிக்கமாட்டாரா?

விடை வந்தது — வாதமாக அன்று, வன்முறையாக! 1598-இல் கிராக்கோ நகரில் மாணவர் கும்பல் நோயுற்றுக் கிடந்த அவரை வீட்டிலிருந்து இழுத்துச் சென்றது. அவருடைய ஏடுகளை எரித்தது. பேராசிரியர் ஒருவர் தலையிட்டு உயிரைக் காத்தார். அவர் வழிநின்ற போலந்துச் சகோதரரை 1658-இல் அந்நாட்டு மன்றம் நாட்டைவிட்டே போகச்சொல்லிற்று. ஆனால் கேள்வி போகவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1794-இல், 'அறிவின் காலம்' எழுதிய தாமஸ் பெய்ன் அதையே எழுப்பினார். ஏழெட்டு வயதுச் சிறுவனாய் இருந்தபோது மீட்பைப் பற்றிய உபதேசம் ஒன்றைக் கேட்டுவிட்டு, தோட்டத்துப் படியில் இறங்கும்போதே தம் உள்ளம் எதிர்த்தெழுந்ததை அவர் அந்நூலில் நினைவுகூர்கிறார். பேரறிஞர் கேட்டதும் அதுதான். குழந்தை கேட்டதும் அதுதான்!

தெருவிலே

'இவை பழைய குருமாரின் சொற்போர், நமக்கென்ன?' என்பீர்கள். விளக்கத்தின் விலையை ஏழைகள் கொடுத்தனர், அதனால்தான் பேசுகிறோம். சிலுவையில் அறைந்தவன் ரோம அதிகாரி. ஆனால் பேரரசின் மதமான பிறகு, பழி யூதர் தலையிலே சுமத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கொலைகாரர் எனப்பட்டனர். இறந்த யூதர் ஒருவரின் பெயரால் உயிரோடிருந்த யூதர் வேட்டையாடப்பட்டனர். அந்தப் பழியை அக்காலத்து யூதர் அனைவர்மீதும், இக்காலத்து யூதர்மீதும் சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை முறையாக அறிவித்தது 1965 அக்டோபர் 28-இல்!

அமெரிக்க நாட்டைப் பாருங்கள். 1915-இல், ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையுச்சியிலே கிளான் கூட்டத்தார் சிலுவையைக் கொளுத்தித் தம் இயக்கத்துக்கு மறுபிறப்புத் தந்தனர். 1877-க்கும் 1950-க்கும் இடையில் அந்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கருநிற மக்கள் கும்பல்களால் கொல்லப்பட்டனர். பலர் மரங்களிலே தொங்கினர். ஞாயிறன்று சிலுவையைத் தொழுத ஊரிலேயே அம்மரங்கள் நின்றன. ஜேம்ஸ் கோன் எனும் கருநிற இறையியலறிஞர் 2011-இல் வெளியிட்ட நூலொன்றில் இரண்டு மரங்களையும் அருகருகே நிறுத்திக் கேட்டார்: இரண்டும் ஒன்று என்பது உங்கள் பேராசான்களின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? அவர் கிறிஸ்தவராக நின்றே கேட்டார். 1980 மார்ச் 24-இல், சான் சல்வடோரின் பேராயர் ரொமேரோ பூசை நடத்திக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார். ஏழைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று படைவீரருக்கு அவர் முறையிட்ட மறுநாள் அது. அவர்களுக்குச் சிலுவை கடன் இரசீது அன்று. கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி.

இன்னும் ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். தூண்டில் கதை சொன்ன நீசா கிரகோரி, மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதைக் கடுமையாகக் கண்டித்தவர். ஆன்செல்ம் தலைமையில் 1102-இல் கூடிய இங்கிலாந்துச் சங்கம், ஆட்களை விலங்குகளைப்போல விற்பதைத் தடுத்தது. பெர்னார்டும், 1146-இல் ரைன் கரையில் யூதரைக் கொல்லத் தூண்டிய துறவியை நேரே சென்று அடக்கினார். கோட்பாட்டைவிட மனிதர் பலமுறை உயர்ந்து நின்றனர். எப்போது? விண்ணகக் கணக்கை ஒதுக்கிவிட்டு, எதிரே நின்ற மனிதனின் துன்பத்தைக் கண்ணாரக் கண்டபோது!

ஆகவே நாம் கூறுவது இது: நம்புவோரின் கண்ணீரை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் சந்தை இருந்த காலத்தில் விலை, பிரபு இருந்த காலத்தில் மானம், வட்டிக்கடை இருந்த காலத்தில் வரவு, வழக்குமன்றம் ஓங்கிய காலத்தில் தண்டனை என்று மாறி மாறி வந்த விளக்கங்கள், விண்ணைப் பற்றி நமக்குச் சொல்வது சிறிது. மண்ணை ஆண்டவர்களைப் பற்றிச் சொல்வது பெரிது. ஒருவன் செய்த தீங்குக்கு மற்றொருவன் செத்தால் தீங்கு தீராது. தீங்கு செய்தவன் உணரவேண்டும், திருந்தவேண்டும், தீங்குற்றவனுக்கு ஈடு செய்யவேண்டும். அதற்கு மாற்று எந்தக் கருவூலத்திலும் இல்லை.

யாருக்குச் செலுத்திய கடன் என்று பதினெட்டு நூற்றாண்டுகளாகக் கேட்டுவிட்டனர். கேள்வியை மாற்றிக் கேட்போம். மரத்தை நட்டவன் யார்? ஆணியை அடித்தவன் யார்? அடிக்கச் சொன்னவன் யார்? ஆப்பியன் பெருவழியின் ஆறாயிரவருக்கு எவரும் கழுவாய்க் கோட்பாடு எழுதவில்லை. அவர்கள் பெயர்களும் நமக்கு எஞ்சவில்லை. ஆனால் அதே மரத்தில் மடிந்த ஒருவரைத் தொழுவோரும், தொழாத நாமும் சேர்ந்து செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு: இனி எந்த ஆட்சியும், எந்தக் கும்பலும், எந்த மனிதனுக்கும் அப்படியொரு மரத்தை நடாதபடி பார்த்துக்கொள்வது!